சமையலுக்கு எந்த எண்ணெய்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணெய் என்ற சொல்லுக்குள் எள் ஒளிந்திருக்கிறது. எள்ளில் எடுத்த நெய், எண்ணெய். பிறகு வந்த கடலை, தேங்காய், ஆமணக்கு எல்லாம் அந்தப் பெயரைப் பங்கு போட்டுக்கொண்டன, மண்ணெண்ணெய்கூட விட்டுவைக்கவில்லை. கடைசியில் அசல் சொந்தக்காரனுக்கே ‘நல்ல’ என்று ஓர் அடைமொழி சேர்த்து நல்லெண்ணெய் என்று அழைக்கவேண்டியதாயிற்று. பெயரில் நடந்த அதே தள்ளுமுள்ளு இப்போது கடை அலமாரியில் நடக்கிறது. உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல, வீட்டில் சமைக்கிற ஆள். இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அவர்களுடைய மருத்துவர் சொல்வதே முதல் சொல்.

ஒரே ஓர் எண்ணெய்தான் வாங்கலாம் என்றால் எதை வாங்குவீர்கள்?

கடலை எண்ணெய். தாளிக்கலாம், வதக்கலாம், பொரிக்கலாம், தோசைக்கும் ஊற்றலாம். அதன் மணம் மற்றவற்றை அமுக்காது. கொழுப்பில் ஏறக்குறைய பாதி, ஆலிவ் எண்ணெயில் அதிகமாக இருக்கும் அதே ஓலியிக் அமில வகை. ஆனால் ஒன்றே ஒன்றை வாங்குங்கள் என்று யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

பிறகு எத்தனை வேண்டும்?

தமிழ்நாட்டுச் சமையல் செய்கிற வீட்டுக்கு மூன்று போதும். அன்றாடப் பொரியலுக்கும் பலகாரத்துக்கும் கடலை எண்ணெய். புளி சேரும் எல்லாவற்றுக்கும் நல்லெண்ணெய். தேங்காய் அரைத்துச் செய்யும் கூட்டு, அவியல் வகைக்குச் சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெய்.

இதில் நல்லெண்ணெய்க்கு மாற்றே கிடையாது என்பது என் கட்சி. வத்தக்குழம்பு, புளிக்காய்ச்சல், எண்ணெய்க் கத்திரிக்காய், மிளகாய்ப்பொடிக்குக் குழைக்க ஊற்றுவது, ஆவக்காய்: இவற்றில் சூரியகாந்தி எண்ணெயை ஊற்றிவிட்டு “அம்மா செய்வதுபோல் வரவில்லையே” என்று வருந்துவதில் பயனில்லை. அந்த மெல்லிய கசப்பும் மணமும் புளியின் கூர்மையைத் தணிப்பதற்காகவே அமைந்தவை. ஊறுகாய்க்கு அது பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சீசமால் போன்ற, எள்ளுக்கே உரிய சில பொருள்கள் எண்ணெய் விரைவில் கெட்டுப்போகாமல் காக்கின்றன. செக்கில் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது பழைய வழக்கம். கசப்பு அடங்கி நிறமும் சற்று ஆழமாகும்.

அவியலில் தேங்காய் எண்ணெயைக் காயவைத்து ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். அடுப்பை அணைத்த பிறகு, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, பச்சையாக ஒரு சுற்று ஊற்றி மூடிவையுங்கள். நேந்திரம் சிப்ஸ் மட்டும் விதிவிலக்கு. அது தேங்காய் எண்ணெயில் பொரிந்தால்தான் நேந்திரம் சிப்ஸ்.

மூன்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதில் உடம்புக்கும் ஒரு நன்மை உண்டு. எந்த ஓர் எண்ணெயிலும் எல்லா வகைக் கொழுப்பும் சரியான அளவில் இல்லை. அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழுள்ள ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் பல வகை எண்ணெய்களைப் பயன்படுத்தச் சொல்கிறது.

வட இந்தியச் சமையலுக்குக் கடுகு எண்ணெய் கட்டாயமா?

பஞ்சாபி பருப்புக்கும் பன்னீருக்கும் நெய்யோ மணமில்லாத எண்ணெயோ போதும். வங்காள மீன் குழம்பு, பீகாரின் சோக்கா என்ற காய்கறி மசியல், வடக்கத்திய மாங்காய் ஊறுகாய் ஆகியவற்றுக்குக் கடுகு எண்ணெய் வேண்டும். பழக்கமில்லாதவர்களுக்கு மூக்கில் ஏறும் அதன் காரம் முதலில் மிரட்டும். லேசாகப் புகை எழும்வரை காய்ச்சி, அடுப்பைத் தணித்து, சற்று ஆறிய பிறகு தாளித்தால் காரம் அடங்கிவிடும். ஒமேகா-3 வகைக் கொழுப்பு நம் சமையல் எண்ணெய்களில் கடுகிலும் சோயாவிலும்தான் சொல்லும்படியாக இருக்கிறது.

அதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. எரூசிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் அதிகம் என்பதால் அமெரிக்காவில் ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்று அச்சிட்டே கடுகு எண்ணெய் விற்கப்படுகிறது. வங்காளிகள் அதைப் படித்துச் சிரித்துவிட்டு மீனை வறுக்கிறார்கள். உண்மையான ஆபத்து கலப்படத்தில் இருந்தது. 1998-இல் டெல்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்ததால் உடல் வீங்கும் நோய் பரவி, அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த விதை பார்ப்பதற்குக் கடுகுபோலவே இருக்கும். எனவே கடுகு எண்ணெயை மட்டும் முத்திரையிட்ட பாட்டிலில் வாங்குங்கள். 2021 ஜூன் முதல் கடுகு எண்ணெயோடு வேறு எந்த எண்ணெயையும் கலந்து விற்பதற்குத் தடை இருக்கிறது.

செக்கு எண்ணெயா, ரீஃபைண்ட் எண்ணெயா?

கல்யாணப் பந்தியில்கூட இந்தச் சண்டை நடக்கிறது. இரண்டு தரப்பும் பாதி உண்மையைத்தான் சொல்கின்றன.

ரீஃபைண்ட் என்பது பெரும்பாலும் இப்படி நடக்கிறது: வித்தைப் பிழிந்தோ, ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்தோ எண்ணெயை எடுக்கிறார்கள். பிறகு பசையை நீக்கி, அல்கலி எனப்படும் காரப்பொருளைச் சேர்த்து அமிலத்தை முறித்து, களிமண் வகை ஒன்றால் நிறத்தை எடுத்து, கடைசியில் 200 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்தி மணத்தைப் போக்குகிறார்கள். முடிவில் கிடைப்பது நிறமும் மணமும் குணமும் இல்லாத, நெடுநாள் தாங்கும் ஒரு திரவம். வைட்டமின் ஈ-யிலும் ஒரு பகுதி போய்விடுகிறது. ஆனால் அதை விஷம் என்பது மிகை. ஹெக்சேன் எவ்வளவு மிஞ்சலாம் என்பதற்கு வரம்பு இருக்கிறது.

செக்கு எண்ணெயில் வித்தின் மணமும் சத்தும் அப்படியே இறங்குகின்றன. வித்தின் குற்றமும் அப்படியே இறங்குகிறது; இதைச் செக்கு எண்ணெய் விற்பவர்கள் சொல்வதில்லை. ஈரத்தில் கிடந்து பூசணம் பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகும். அது கல்லீரலுக்குக் கேடு. அதில் பெரும்பகுதி புண்ணாக்கோடு போய்விட்டாலும் கொஞ்சம் எண்ணெயில் தங்கும். ரீஃபைண்ட் செய்யும்போது அது நீங்கிவிடுகிறது. செக்கில் அதற்கு வழியில்லை. ஆகவே செக்கு எண்ணெய் வாங்குகிறவர் எண்ணெயைப் பார்ப்பதற்கு முன்னால் மூட்டையைப் பார்க்கவேண்டும். கடலையை ஒரு கை அள்ளி வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால், நிறம் மாறியிருந்தால், அந்தக் கடையில் எதையும் வாங்கவேண்டாம். தன் சரக்கைத் தின்று பார்க்க விடாத கடைக்காரரிடமும் வாங்கவேண்டாம்.

என் வீட்டில் இரண்டும் உண்டு. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் இரண்டும் செக்கு. கடலை எண்ணெய் நல்ல கடலை வரத்து இருக்கும் மாதங்களில் செக்கு, இல்லையென்றால் ரீஃபைண்ட் பாக்கெட்.

வாகை மரச் செக்கு, கல் செக்கு, இரும்புச் செக்கு என்கிறார்களே, வேறுபாடு உண்டா?

வேகத்தில் உண்டு. மெதுவாகச் சுற்றினால் சூடு குறைவு, மணம் அதிகம், எண்ணெயின் அளவு குறைவு. மரத்தின் பெயரைவிட ஆட்டுகிறவரின் பொறுமை முக்கியம். ஆட்டிய எண்ணெயை இரண்டு மூன்று நாள் துணி கட்டி வெயிலில் தெளியவைத்து, அடியில் தங்கும் கசடை நீக்கித் தருகிறாரா என்று கேளுங்கள். தெளியாத எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்.

மலிவாகச் செக்கு எண்ணெய் கிடைக்கிறது. நம்பலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்க ஏறக்குறைய இரண்டே கால் முதல் இரண்டரை கிலோ உரித்த கடலை வேண்டும். எள்ளுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கொப்பரைக்கு ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல் போதும்.

உரித்த கடலை கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை கிலோவுக்கு 325 ரூபாய். மிஞ்சுகிற ஒன்றரை கிலோ புண்ணாக்கைக் கிலோ 40 ரூபாய்க்கு விற்றால் 60 ரூபாய் திரும்பும். ஆக, கூலி, மின்சாரம், பாட்டில், வாடகை எதுவும் சேராமலே 265 ரூபாய் ஆகிறது. அவர் 200 ரூபாய்க்கு விற்கிறார் என்றால் ஒன்று அவர் வள்ளல், இல்லையென்றால் பாட்டிலில் இருப்பது வேறு எண்ணெய். அன்றைய கடலை விலையைத் தெரிந்துகொண்டு இந்தக் கணக்கை நீங்களே எந்த ஊரிலும் போடலாம். ஆய்வுக்கூடம் தேவையில்லை.

நானும் ஏமாந்திருக்கிறேன். ஒரு நெடுஞ்சாலை ஓரக் கடையில் வாங்கிய ‘மரச்செக்கு நல்லெண்ணெய்’ மூடியைத் திறந்ததும் வீடே மணத்தது. சட்டியில் ஊற்றியதும் மணம் பறந்துபோய், வெறும் எண்ணெய் மட்டும் நின்றது. நல்ல நல்லெண்ணெய் நேர்மாறாக இருக்கும்: பாட்டிலில் அடக்கமாக, சூடு பட்டதும் பேசத் தொடங்கும்.

ஃபிரிட்ஜில் வைத்து உறையவைத்துப் பார்ப்பது, தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது போன்ற சோதனைகளை நம்பாதீர்கள். சந்தேகம் வலுத்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் மாதிரியைக் கொடுக்கலாம்.

புகைநிலை என்று பெரிதாகப் பேசுகிறார்களே?

எண்ணெய் புகையத் தொடங்கும் வெப்பநிலை அது. ரீஃபைண்ட் எண்ணெய்கள் பெரும்பாலும் 220 டிகிரிக்கு மேல் தாங்கும். வடிகட்டியதோடு நிறுத்திய எண்ணெய்கள் அதற்கு வெகு முன்பே, சில 160 டிகிரியை ஒட்டியே, புகையத் தொடங்கும். வடையும் பூரியும் 170 முதல் 190 டிகிரிக்குள் வெந்துவிடுகின்றன. அப்படியானால் செக்குக் கடலை எண்ணெயில் பொரிக்கக்கூடாதா? நம் பாட்டிமார் அதில்தான் முறுக்கு சுட்டார்கள். நெருப்பை அளவாக வைத்து, புகை எழும் முன் மாவைப் போட்டார்கள். மாவுத் துளி ஒன்றைப் போட்டால் அடிக்குப் போய் உடனே மேலே வரவேண்டும், அதுவே வெப்பமானி. சட்டியிலிருந்து நீலப் புகை வந்தால், எந்த எண்ணெயானாலும் நெருப்பு அதிகம் என்று பொருள்.

புகைநிலை ஒன்றை வைத்து மட்டும் பொரிக்கும் எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதும் தவறு. சாதாரண சூரியகாந்தி எண்ணெய்க்குப் புகைநிலை அதிகம்; ஆனால் அதில் பெரும்பகுதி பன்மை நிறைவுறாக் கொழுப்பு. நீண்ட நேரம் காய்ந்தால் அது விரைவில் சிதையும். தாளிக்கவும் வதக்கவும் அது நல்லது, தீபாவளிக்கு நாள் முழுதும் கொதிக்கவைக்க அல்ல. அதற்குக் கடலை எண்ணெயும் தவிட்டு எண்ணெயும் மேல்.

செக்குக் கடலை எண்ணெய் பொரிக்கும்போது நுரைத்துப் பொங்கும். முதலில் ஒரு சின்னப் புளித் துண்டைப் போட்டுப் பொரித்து எடுத்துவிடுவது வீட்டுக் கைவைத்தியம். பெரிய சட்டியில் பாதி அளவுக்கே எண்ணெய் ஊற்றுவது அதைவிட நல்ல வைத்தியம்.

சுட்ட எண்ணெயை என்ன செய்வது?

ஆறியதும் வடிகட்டி, தனிப் பாத்திரத்தில் வைத்து, இரண்டொரு நாளுக்குள் தாளிக்கப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வைக்கவேண்டாம், புதிய எண்ணெயோடு கலக்கவும் வேண்டாம். மீன் பொரித்த எண்ணெயைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை, அது தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும். கருத்து, கெட்டியாகி, நுரை அடங்காமல் நின்றால் தயங்காமல் கழியுங்கள். ஆனால் சிங்க்கில் ஊற்றி அல்ல, குழாய் அடைத்துக்கொள்ளும்.

கடைகளுக்கு இதில் சட்டமே உண்டு. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் எனப்படும் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக்கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. அப்படிக் கழித்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் தயாரிக்கும் திட்டமும் அதே ஆண்டில் தொடங்கியது. பஜ்ஜிக் கடையில் எண்ணெயின் நிறத்தைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுப்பது என் பழக்கம். கூட வருகிறவர்களுக்குத்தான் சங்கடம்.

தேங்காய் எண்ணெய் இதயத்துக்கு நல்லதா, கெட்டதா?

அதன் கொழுப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற வகை. மற்றச் சமையல் எண்ணெய்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் அது கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். அளவைக் கூட்டுகிறது, நல்லது எனப்படும் எச்.டி.எல். அளவையும் சற்றுக் கூட்டுகிறது. இரண்டாவதை மட்டும் சொல்லி விற்பவர்கள் அதிகம். காலையில் ஒரு கரண்டி குடித்தால் மூளைக்கு நல்லது, எடை குறையும் என்ற பேச்சுகளுக்கு நான் செவிகொடுப்பதில்லை. அவியல் மேல் ஊற்றும் ஒரு தேக்கரண்டியால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. நாள் முழுதும் எல்லாச் சமையலும் அதிலேயே என்றால், கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் மறுபடி யோசிக்கவேண்டும்.

ரேஷன் பாமாயில் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். தமிழ்நாட்டு நியாயவிலைக் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தப் பாக்கெட் பல லட்சம் வீடுகளின் அடுப்பை எரியவைக்கிறது. வெளிச்சந்தை விலையில் வேறு எதுவும் வாங்க முடியாதவர்களிடம் அதைக் குறை சொல்வது எனக்குப் பிடிக்காது. அதில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு, அதனால் அளவு முக்கியம். பொரிப்பதற்கு அது நன்றாகவே தாங்கும். தாளிப்புக்கும் குழம்புக்கும் முடிந்தால் வேறு எண்ணெய் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம்.

நாம் உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதிதான். 2022-இல் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து குறைந்தது. அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியது. இரண்டையும் நம் ஊர் மளிகைப் பட்டியலில் பார்த்தோம்.

லேபிளில் எதைப் படிக்கவேண்டும்?

‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்ற வரியை விட்டுவிடுங்கள். தாவர எண்ணெய் எதிலும் சொல்லும்படியான கொலஸ்ட்ரால் கிடையாது. ‘இந்தத் தண்ணீரில் எலும்பு இல்லை’ என்று எழுதுவதுபோன்றது அது.

பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘கலப்பு எண்ணெய்’ என்று இருக்கிறதா பாருங்கள். கடுகு எண்ணெய் தவிர, இரண்டு எண்ணெய்களைக் கலந்து விற்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஒவ்வொன்றும் குறைந்தது 20 சதவீதம் இருக்கவேண்டும், விகிதம் அச்சிடப்படவேண்டும். பெரிய கடலைப் படம் போட்ட பாக்கெட்டிலும் விகிதம் பாமாயில் 80 என்று இருக்கலாம். படத்தை நம்பாமல் விகிதத்தைப் படியுங்கள்.

அடுத்து எடை. எண்ணெய் சூட்டில் விரியும். ஒரு லிட்டர் என்பது சாதாரண வெப்பத்தில் ஏறக்குறைய 910 கிராம். அதிக வெப்பநிலையைக் குறிப்பிட்டு எடையைக் குறைக்கும் தந்திரம் நடந்ததால், பாக்கெட்டில் வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவைப் போடும்படி 2022-இல் மத்திய அரசு உத்தரவிட்டது. விலையை ஒப்பிடும்போது கிராமுக்குக் கிராம் ஒப்பிடுங்கள்.

கடைசியாக, நல்லெண்ணெய்க்குப் பக்கத்திலேயே அதே நிறத்தில் அடுக்கிவைக்கப்படும் தீப எண்ணெய். அது விளக்குக்கு மட்டும், சமையலுக்கு அல்ல. விளக்கெண்ணெய் என்ற ஆமணக்கெண்ணெயோ முற்றிலும் வேறு. துவரம்பருப்பு வேகும்போது அதில் ஒரு சொட்டு விடுவது பல வீடுகளில் வழக்கம். பெயர்கள் இப்படிப் பின்னிக் கிடப்பதால், கடைக்கு ஆளனுப்பும்போது தாளில் எழுதிக் கொடுங்கள்.

தவிட்டு எண்ணெய் எப்படி?

நல்ல பொரிப்பு எண்ணெய், மணமில்லாதது, ஒரைசனால் என்ற பயனுள்ள பொருள் கொண்டது. செக்குத் தவிட்டு எண்ணெய் என்று யாராவது சொன்னால் மட்டும் சந்தேகப்படுங்கள். தவிட்டில் எண்ணெய் குறைவு. அரிசி தீட்டியவுடன் அது கெடவும் தொடங்கிவிடும். ஆலையில் கரைப்பான் கொண்டு எடுத்துச் சுத்திகரிப்பதே அதற்கு வழக்கமான வழி.

ஆலிவ் எண்ணெய்?

நல்லதுதான். கடுகும் பெருங்காயமும் வெடிக்கும் இடத்தில் அதன் மணத்துக்குக் கொடுத்த பணம் வீண். காய்கறிக் கலவை மேல் பச்சையாக ஊற்றிக்கொள்ளுங்கள்.

வனஸ்பதி?

வேண்டாம். டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 முதல் 2 சதவீத வரம்பு வந்தபின் அது முன்பைவிடப் பரவாயில்லை. ஆனாலும் நெய்யின் இடத்தில் கொஞ்சம் நெய்யே ஊற்றலாம்.

ஒரு குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு எண்ணெய்?

உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு 25 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2010-இல் தந்த பரிந்துரை. நெய்யும் அதில் சேர்த்தி. இரண்டு ஆண், இரண்டு பெண் உள்ள வீட்டுக்கு மாதம் 2.7 கிலோ, அதாவது ஏறக்குறைய மூன்று லிட்டர். செக்கு என்றாலும் ரீஃபைண்ட் என்றாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். விலை உயர்ந்த எண்ணெய் என்பதற்காகக் கலோரி குறையாது. மாதத் தொடக்கத்தில் மூன்று லிட்டரை எடுத்து வைத்து, அது என்றைக்குத் தீர்கிறது என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் முதல் முறை பத்தொன்பதாம் தேதி தீர்ந்தது. அந்த மாதம் விருந்தாளிகள் வந்தார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். அடுத்த மாதம் யாரும் வரவில்லை, இருபதாம் தேதி தீர்ந்தது. எண்ணெய்த் தூக்கிலிருந்து நேராகச் சாய்ப்பதை விட்டுவிட்டுக் கரண்டியால் அளந்து ஊற்றிய பிறகுதான் மாதக் கடைசியைத் தொட்டோம்.

எப்படிச் சேமிப்பது?

அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒளி, சூடு, காற்று மூன்றும் எண்ணெயைக் கெடுக்கும். எவர்சில்வர் தூக்கு அல்லது நிறக் கண்ணாடி பாட்டில் நல்லது. பழைய எண்ணெயின் மிச்சத்தின் மேல் புதியதை ஊற்றினால், பழையதன் சிக்கு வாடை புதியதற்கும் தொற்றும். பாத்திரத்தைக் கழுவி, ஒரு துளி ஈரமில்லாமல் காயவைத்து ஊற்றுங்கள். செக்கு எண்ணெயை இரண்டு மாதத்துக்கு மேல் தேக்கவேண்டாம். தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைவது கெட்டதன் அடையாளம் அல்ல, 24 டிகிரியை ஒட்டி அது உறைவது இயல்பு. அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் வைத்தால் கரண்டியால் வழித்துக்கொள்ளலாம்.

வீட்டில் ஒரு குழந்தைக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது. கடலை எண்ணெய் ஊற்றலாமா?

செக்கு எண்ணெயில் கடலையின் புரதம் சிறிதளவு தங்கியிருக்கும். அந்தக் குழந்தைக்கு அது ஆபத்து. எள் ஒவ்வாமைக்கும் இதே பதில். ரீஃபைண்ட் எண்ணெயில் புரதம் பெரும்பாலும் நீங்கிவிடும் என்றாலும், மருத்துவரைக் கேட்காமல் ஊற்றவேண்டாம். அதுவரை அந்த வீட்டில் சூரியகாந்தியோ தவிடோ இருக்கட்டும்.